பெயரில்லாத விதைப் பைக்கற்றுக்கு நகையை ஈடு வைப்பதா?

அம்பாறை மாவட்டத்தின் திருக்கோவில் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஊரும் பெயரும் வெளியில் தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

வயது 28. உயர்தரத்தில் உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் படித்தவர். கலியாணம் முடித்து அம்மா வீட்டோடு இருக்கிறார். அவரும் கணவரும் மேட்டுக் காணியில் மூன்று ஏக்கர் சோளன் போடுகிறார்கள். அப்பாவுக்குக் களப்போரமாக இரண்டு ஏக்கர் வயல். போன பெரும்போகத்தில் சோளனில் படைப்புழு விழுந்து பாதிக்கு மேல் போய்விட்டது. மருந்துக்கு வாங்கிய நுண்கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது கணவருக்குத் தெரிந்த ஒருவர், "இந்தியாவிலிருந்து வந்த பி.ரி. சோளன்" (புழுவைக் கொல்லும் மரபணுவைச் சேர்த்த சோளன்) என்று சொல்லி இரண்டு பைக்கற் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். புழு கிட்டவும் வராதாம், களைநாசினி அடித்தாலும் பயிர் சாகாதாம், முத்தை எடுத்து வைத்து அடுத்த போகமும் போடலாமாம். விலை மட்டும் கடை விதையைப் போல மூன்று மடங்கு. மூன்று ஏக்கருக்கும் வாங்குவதற்குக் காப்பை ஈடு வைப்போம் என்கிறார் கணவர். "அது மலடாக்கும் விதை, என் வீட்டுக்குள் வரக்கூடாது" என்கிறார் அப்பா. அம்மாவோ, "கடையில விக்கிறதும் ஜீன் மாத்தின விதைதானே, பிறகென்ன" என்கிறார். குழந்தைக்காகக் காத்திருக்கும் வாசகி நடுவில் நிற்கிறார். விதை வேலை செய்யுமா, சட்டம் என்ன சொல்கிறது, உடம்புக்குக் கெடுதியா, அப்பாவின் உப்பேறிய வயலுக்கும் இந்தத் தொழில்நுட்பத்தில் ஏதும் இருக்கிறதா என்பவை அவருடைய கேள்விகள்.

மகள், முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். காப்பை ஈடு வைக்க வேண்டாம். உங்கள் கணவரைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு போகத்தைப் புழுவுக்குக் கொடுத்துவிட்டுக் கிழமைக்குக் கிழமை கடன் கட்டுகிறவருக்கு, "புழு வராது" என்று ஒருவர் சொன்னால் மனம் அதில்தான் போய் நிற்கும். ஆனால் விற்கிறவர் சொன்ன கதை ஒரு இடத்திலும் பொருந்தி வரவில்லை.

பைக்கற்றுக்குள் என்ன இருக்கலாம்

இந்தியாவில் பி.ரி. சோளன் பயிரிட அனுமதியே இல்லை. அங்கே விவசாயிகள் சட்டப்படி பயிரிட்டு விற்கும் ஒரே மரபணு மாற்றப் பயிர் பருத்தி. அதற்கு 2002 இல் அனுமதி கிடைத்தது. பி.ரி. கத்தரியை 2009 இல் நிபுணர் குழு ஏற்றுக்கொண்டும், 2010 பெப்ரவரியில் அரசு நிறுத்தி வைத்தது. ஆகவே "இந்தியாவின் பி.ரி. சோளன்" என்று ஒருவர் கொண்டுவந்தால், அது சாதாரண கலப்பின விதையாக இருக்கலாம், வேறு நாட்டிலிருந்து களவாக வந்ததாக இருக்கலாம், அல்லது யாரோ எங்கோ காய்ந்த பொத்தியிலிருந்து உதிர்த்ததாகவும் இருக்கலாம். முளைக்காமல் போனால் நீங்கள் போய்ப் பிடித்துக் கேட்க ஓர் ஆள் இல்லை என்பது இந்த மூன்றுக்கும் பொது.

பி.ரி. என்பது மண்ணில் வாழும் பசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பக்டீரியாவின் பெயர்ச் சுருக்கம். அது உண்டாக்கும் ஒரு புரதம் சில புழுக்களின் குடலைத் துளைத்துக் கொன்றுவிடும். அந்தப் புரதத்துக்கான மரபணுவைச் சோளனுக்குள் வைத்தால், இலையைக் கடிக்கும் புழு செத்துப்போகும். களைநாசினியைத் தாங்கும் குணம் இதிலிருந்து வேறானது. வேறொரு மரபணுவால் வருவது. இரண்டும் சேர்ந்த விதைகள் உலகில் உண்டு. ஆனால் பைக்கற்றைப் பார்த்தோ முத்தைப் பார்த்தோ எது இருக்கிறது என்று சொல்ல முடியாது, ஆய்வுகூடத்தில் சோதித்தால்தான் தெரியும். இதில்தான் எனக்குப் பெரிய பயம். அவர் சொன்னதை நம்பி, முளைத்து முழங்கால் உயரம் வந்த சோளனுக்கு மேலால் கிளைபோசேற் களைநாசினி அடித்தீர்களென்றால், அது சாதாரண விதையாக இருந்தால், களையோடு சேர்த்து மூன்று ஏக்கரும் கருகிவிடும். போன தடவை புழு கொஞ்சத்தையாவது விட்டுவைத்தது.

விதை ரோசா நிறத்தில் இருப்பதாகவும், பைக்கற்றில் தொகுதி இலக்கமோ முளைதிறனோ திகதியோ இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ரோசா நிறம் மரபணு மாற்றத்தின் அடையாளம் அல்ல. விதைக்குப் பூஞ்சண நாசினியோ பூச்சிநாசினியோ பூசும்போது, யாரும் தவறிச் சாப்பிடாமலிருக்கச் சேர்க்கும் சாயம் அது. கடையில் வாங்கும் கலப்பின விதையிலும் அதைப் பார்த்திருப்பீர்கள். பூசிய மருந்து என்னவென்று எழுதாத பைக்கற்றை வெறுங்கையால் தொடாதீர்கள். கோழிக்குப் போடாதீர்கள். சட்டி பானை இருக்கும் இடத்தில் வைக்கவும் வேண்டாம்.

சட்டம் எங்கே நிற்கிறது

இலங்கையில் வணிகப் பயிர்ச்செய்கைக்கென்று எந்த மரபணு மாற்றப் பயிருக்கும் இதுவரை அனுமதி கொடுக்கப்படவில்லை. எந்த விதையையும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதற்கு 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் வேண்டும். விதையை விற்கிறவர்களையும் அதன் தரத்தையும் 2003ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க விதைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. உணவென்று வரும்போது, மரபணு மாற்றிய உணவை அனுமதியும் லேபலும் இல்லாமல் இறக்குவதையும் விற்பதையும் தடுக்க 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. அதாவது, ஒருவேளை அந்த விதை உண்மையான பி.ரி. ஆகவே இருந்து, நன்றாக விளைந்தாலும், அந்தச் சோளனை நீங்கள் நிம்மதியாக விற்க முடியாது.

இந்தக் கட்டுப்பாடுகள் விவசாயியை வதைக்க வந்தவை என்று சிலர் பேசுவார்கள். 2021 இல் ஒரே இரவில் இரசாயனப் பசளையை நிறுத்தி எங்களை நடுத்தெருவில் விட்ட அனுபவத்துக்குப் பிறகு, மேலிருந்து வரும் எந்தத் தடையையும் சந்தேகத்தோடு பார்ப்பது நியாயம்தான். ஆனால் வெளியிலிருந்து வரும் விதையைச் சோதித்து உள்ளே விடும் தடுப்புக்காப்பு அப்படிப்பட்டதல்ல. 2018 இல் இந்த நாட்டுக்குள் வந்த படைப்புழு ஒரே பெரும்போகத்தில் அம்பாறைச் சோளனை என்ன செய்தது என்று கண்ணால் கண்டவர்கள் நாங்கள். அந்த அந்துப்பூச்சி காற்றில் பறந்து வரும், அதை மறிக்க முடியாது. சோதிக்காத விதையோடு வரும் நோயை மறிக்க முடியும். அதை வாசலில் வைத்தே மறிக்காவிட்டால் அடுத்தது எது என்று யாருக்கும் தெரியாது.

அப்பாவின் பயமும் அம்மாவின் கணக்கும்

அப்பாவிடம் இதை மெதுவாகச் சொல்லுங்கள். பி.ரி. புரதம் மனிதரை மலடாக்கும் என்பதற்கு நம்பக்கூடிய சான்று எதுவும் இல்லை. அந்தப் புரதம் வேலை செய்யப் புழுவின் குடலில் இருக்கும் காரத்தன்மையும், அது போய் ஒட்டிக்கொள்வதற்கான குறிப்பிட்ட இடங்களும் வேண்டும். எங்கள் இரைப்பையில் இருப்பது அமிலம், அந்த இடங்களும் எங்களுக்கு இல்லை. சந்தையில் இருக்கும் மரபணு மாற்றிய உணவுகள் பாதுகாப்புச் சோதனைகளைத் தாண்டி வந்தவை, அவற்றால் உடல்நலத்துக்கு ஆபத்து வர வாய்ப்புக் குறைவு என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடும். ஆனால் "சோதித்தவை" என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு விதையையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். உங்கள் வீட்டில் இருக்கும் பைக்கற்றை யாரும் சோதிக்கவில்லை. ஆகவே அப்பாவின் காரணம் பிழை, அவர் வந்து சேர்ந்த முடிவு சரி. குழந்தைக்காகக் காத்திருக்கும் நீங்கள் பி.ரி. என்ற பெயருக்குப் பயப்படத் தேவையில்லை. மருந்து கரைக்கும் வேலையை மட்டும் இனிக் கணவரிடமே விட்டுவிடுங்கள்.

அம்மா சொல்வதும் திருத்தப்பட வேண்டியது. கடையில் வாங்கும் கலப்பினச் சோளன் மரபணு மாற்றிய விதை அல்ல. இரண்டு தெரிந்த சோளன் பரம்பரைகளை மகரந்தம் மாற்றிச் சேர்த்த முதற் சந்ததி அது. அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்துபோவதால்தான் அதை எடுத்து வைத்துப் போட்டால் ஒரு மரம் உயரமாகவும் ஒன்று கட்டையாகவும் வந்து விளைச்சல் இறங்குகிறது. நெல் தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும் பயிர், பி.ஜி. 94-1 போன்றவற்றை அப்பா வருடக்கணக்கில் விதைநெல்லாக வைத்துப் போட முடிவது அதனால்தான். இழைய வளர்ப்பு வாழைக் கன்றையும் சிலர் மரபணு மாற்றம் என்று ஒதுக்குகிறார்கள். அது ஒரு தாய் வாழையின் நுனியைச் சுத்தமான போத்தலில் வளர்த்து, அதே வாழையைப் பல கன்றுகளாக்கும் முறை. மரபணுவில் யாரும் கைவைப்பதில்லை.

முத்தை எடுத்து வைத்துப் போட்டால்

விற்கிறவரின் மூன்றாவது வாக்குத்தான் ஊருக்கே கேடு. உண்மையான பி.ரி. கலப்பின விதையை எடுத்து வைத்தால், அடுத்த போகத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு மரங்களுக்கே அந்தக் குணம் போகும். பக்கத்துக் காணியின் மகரந்தமும் கலப்பதால் அதுவும் இன்னும் குறையும். படைப்புழு ஒரு மரத்தில் இருந்து அடுத்த மரத்துக்கு ஊர்ந்து போகும். இங்கே ஒரு கடி நஞ்சு, அங்கே ஒரு வாய் நல்ல இலை. சாகும் அளவுக்கு நஞ்சு சேராத புழு பிழைத்து, அந்துப்பூச்சியாகி, தாங்கும் சக்தியைத் தன் குஞ்சுகளுக்குக் கொடுக்கும்.

இது கற்பனை அல்ல. புவேர்ட்டோ ரிக்கோவில் இதே படைப்புழு பி.ரி. சோளன் வந்து சில வருடங்களிலேயே, 2006 அளவில், அதை வென்றுவிட்டது. பிறகு பிரேசிலிலும் அப்படி நடந்தது. இந்தியாவின் பி.ரி. பருத்தியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதலில் ஒரு மரபணுவையும் பின்னர் இரண்டு மரபணு சேர்த்த விதையையும் தாண்டியது. அதனால்தான் முறையாகப் பயிரிடும் நாடுகளில் பி.ரி. அல்லாத சோளனையும் ஒரு பங்கு பக்கத்தில் போடச் சொல்கிறார்கள், நஞ்சுக்குப் பழகாத புழுவும் ஊரில் கலந்திருக்க வேண்டும் என்று. கள்ளமாகப் போடும் ஊரில் அந்தக் கணக்கை யார் பார்ப்பார்கள்?

தொழில்நுட்பமே ஏமாற்று என்று நினைத்துவிடாதீர்கள். வங்காளதேசத்தில் 2013 இல் அனுமதி கொடுத்து, 2014 இல் 20 விவசாயிகளோடு பி.ரி. கத்தரியைத் தொடங்கினார்கள். அரசாங்க ஆராய்ச்சி நிறுவனம் தங்கள் நாட்டுக் கத்தரி இனங்களிலேயே அதைச் செய்தது. கலப்பினம் அல்லாததால் விதையை விவசாயி எடுத்து வைக்கலாம். காய்துளைப்பானுக்கு அடிக்கும் மருந்து நன்றாகக் குறைந்தது. எங்கள் நாட்டிலும் பகிரங்கமாக, எங்கள் மண்ணில், எங்கள் ஆராய்ச்சியாளர் கையால் இப்படிச் சோதனைகள் நடக்க வேண்டும் என்பது என் விருப்பம். நடந்தாலும் ஒரு மரபணு ஒரு வேலையைத்தான் செய்யும். பரணில் காவல் இருப்பவர் யானையைக் கண்டு கூவுவார், அவரால் மழையை நிறுத்த முடியாது. உங்கள் சோளன் பாதி போனதற்குப் புழு ஒரு காரணம். பக்கத்துக் காணிகளை விட மூன்று கிழமை பிந்தி விதைத்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சுற்றியுள்ள காணிகளில் பெருகிய அந்துப்பூச்சிகளுக்கு உங்கள் பிஞ்சுப் பயிர்தான் அகப்பட்டது.

இந்தப் போகம் செய்யக்கூடியது

முதல் மழையோடு, பக்கத்துக் காணிக்காரர்களும் நீங்களும் ஒரே கிழமைக்குள் விதையுங்கள். இதற்குக் காசு செலவில்லை, பேச்சுத்தான் செலவு. முளைத்த நாளிலிருந்து ஆறு கிழமைக்குக் கிழமையில் இரண்டு தரம் காலையில் காணிக்குள் இறங்குங்கள். ஐந்து இடங்களில் நின்று, ஒவ்வோர் இடத்திலும் இருபது மரம் பாருங்கள். இலையின் அடிப்பக்கம் சாம்பல் நிறப் பஞ்சு மூடியது போல ஒரு திட்டுத் தெரிந்தால் அது முட்டைக் குவியல். நூறுக்கு மேல் முட்டை இருக்கும், இரண்டு மூன்று நாளில் பொரிக்கும். விரலால் நசுக்கிவிட்டால் அந்த நூறு புழுவும் அதோடு சரி. இலையில் கண்ணாடி போல மெல்லிய வெள்ளைக் கீறல்கள் இருந்தால் குஞ்சுப் புழு தொடங்கிவிட்டது. குருத்துக்குள் ஈர மரத்தூள் மாதிரி எச்சம் கிடந்தால் புழு பெரிதாகி உள்ளே போய்விட்டது. தலையில் தலைகீழான ஆங்கில Y எழுத்தும், வால் பக்கம் சதுரமாக நான்கு கறுப்புப் புள்ளியும் இருந்தால் அது படைப்புழுவேதான்.

மருந்து சின்னப் புழுவுக்குத்தான் வேலை செய்யும். நீங்கள் போன தடவை அடித்ததெல்லாம் குருத்து அடைத்த பிறகு என்று கடிதத்தில் தெரிகிறது. காசு அங்கேதான் போயிருக்கிறது. அந்த நிலையில் ஒரு பிடி மணலையோ சாம்பலையோ குருத்துக்குள் போடுவது கூடச் சில மருந்துகளை விடப் பரவாயில்லை. ஆபிரிக்க விவசாயிகள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். பி.ரி. பக்டீரியாவைத் தெளிப்பு மருந்தாகவும் உலகமெங்கும் விற்கிறார்கள். வெயில் அதைக் கெடுத்துவிடும் என்பதால் பின்னேரம் அடிக்க வேண்டும், குஞ்சுப் பருவத்தில் அடிக்க வேண்டும். பதிவு செய்யப்பட்ட எது கிடைக்கும் என்று கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள், அல்லது 1920க்கு எடுங்கள். சோளனுக்கு இடையில் கௌபியோ கச்சானோ போடுங்கள். இரை பிடிக்கும் பூச்சிகளுக்கு இடம் கிடைக்கும், சோளன் கைவிட்டாலும் வீட்டுக்கு ஒன்று வரும். கௌபியின் வேர் முடிச்சில் இருந்து காற்றின் நைதரசனைப் பிடிக்கும் றைசோபியம் பக்டீரியாவும் உயிரியல் தொழில்நுட்பம்தான். விதையில் பூசிப் போடும் அந்தத் தொழில்நுட்பத்துக்கு ஒரு சட்டச் சிக்கலும் இல்லை. விதைப்புக்கு முன்பே சோளன் காப்புறுதி பற்றியும் அதே நிலையத்தில் விசாரித்து வையுங்கள்.

அப்பாவின் வயல்

உப்பைத் தாங்குவதற்கு அம்பலாந்தோட்டையில் உருவாக்கிய ஏ.ரி. 354 என்ற நெல் இருக்கிறது. கேரளத்துக் கடலோரத்தில் உப்புத் தண்ணீரில் வளரும் பொக்காளி நெல்லின் இரத்தம் அதில் ஓடுகிறது. வெள்ளத்துக்கு, ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற பழைய நெல்லில் இருந்த சப்1 மரபணுவை, மரபணு மாற்றம் செய்யாமல், மகரந்தம் மாற்றிச் சேர்த்து டி.என்.ஏ. அடையாளம் பார்த்துத் தெரிந்தெடுத்து சுவர்ணா-சப்1 என்று 2009 இல் இந்தியாவில் வெளியிட்டார்கள். முழுதாக மூழ்கி ஏறத்தாழ இரண்டு கிழமை கிடந்தாலும் அது மீண்டும் துளிர்க்கும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. பழைய நெல்லைக் காப்பாற்றி வைத்த கமக்காரனும் ஆய்வுகூடமும் சேர்ந்து செய்தது. ஆனால் கதிர் வரும் நேரம் மூழ்கினால் அதுவும் தாங்காது. ஏ.ரி. 354 உம் கடல் தண்ணீரில் விளையாது. முகத்துவாரம் வெட்டிய பிறகு களப்பில் ஏறும் உவர் வாய்க்கால் வழியே வயலுக்குள் வருகிறதென்றால், முதலில் வரம்பையும் மதகையும் பாருங்கள். வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டை விதானையிடம் சொல்லி வட்டைக் கூட்டத்தில் பேச வேண்டிய விசயம் அது, விதையால் தீராது. மண்ணை ஒரு தடவை உப்புச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, பிறகு அந்த நெல்லை முழு வயலுக்கும் போடாமல் அரை ஏக்கரில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, வீட்டில் இருக்கும் அந்த இரண்டு பைக்கற். விதைக்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள், குப்பையில் கொட்டாதீர்கள், அங்கே முளைத்துவிடும். கட்டியபடியே விவசாயப் போதனாசிரியரிடம் கொண்டுபோய், எப்படிக் கைக்கு வந்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அதனால் கணவருக்குப் பிரச்சினை வருமோ என்று பயமாக இருந்தால், அதற்கு முன் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டுப் போங்கள். கணவரோடு பேசும்போது அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு பேரும் மட்டும் உட்கார்ந்து, அந்தக் காப்பு ஈட்டுக்குப் போனால் மாத வட்டி எவ்வளவு, கடையில் ரசீதோடு வாங்கும் மூன்று ஏக்கர் விதை எவ்வளவு, கிழமைக்கு இரண்டு காலை காணிக்குள் நடப்பது யார் யார் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். விற்கிறவர் மறுபடி வந்தால் அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: தொகுதி இலக்கம் போட்ட ரசீதில் பெயரும் முகவரியும் எழுதிக் கையொப்பம் வைப்பீர்களா?